சத்தம் நின்றால் விழிப்பவர்

வலியசாலையில் எங்கள் வரிசை வீடுகளில், இரவில் மின்சாரம் போனதை நாங்கள் வியர்த்து எழுந்து தெரிந்துகொண்டதே இல்லை. அதற்கு முன்னால் என் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்.

"கரண்ட் போச்சு!"

விசிறியின் இறக்கைகள் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அவை நிற்பதற்குள் அவர் எழுந்து, சன்னலைத் திறந்து, தெருவுக்குச் சொல்லி முடித்திருப்பார். பிறகு கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்வார். அங்கே இரவுப் பணியில் இருக்கும் மலையாளிக்கு அவர் குரல் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் அந்தப் பேச்சு எனக்கும் கேட்கும்.

"அம்மே, இவிடெயும் கரண்ட் இல்லா. ஞானும் இருட்டத்தா இரிக்குன்னது."

"இருட்டிலே இருந்தா மதியா, போறுமா? யாரையாவது கம்பத்துக்கு அனுப்பும்!"

தெருவில் அவருக்குக் கரண்ட் மாமி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். நேரில் நான் மாமி என்பேன், அவர் என்னை ஸார் என்பார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் எங்கள் தெருக்களில் ஐம்பதைத் தாண்டிய பெண் எல்லோருக்கும் மாமிதான்.

நான் சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் வேலையை விட்ட பிறகும் என்னை விடவில்லை. முதல் மழை, கோவில் கொடியேற்றம், தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம், மின்சாரம் போன நேரம், வந்த நேரம், எல்லாம் என் குறிப்பேடுகளில் இருக்கின்றன. மின்சாரம் போன நேரத்தை எப்போதும் அவர் குரலை வைத்துத்தான் குறித்தேன்.

இதைப் படித்துவிட்டு அவருக்குத் தூக்கமே வராது என்று நினைத்துவிடக் கூடாது. அவரைப்போல் தூங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சத்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி எஞ்சின் உறுமத் தொடங்கினால் கண் சொருகும். டிரைவர் எஞ்சினை நிறுத்தினால் இறங்கத் தயாராக எழுந்து நிற்பார். கோவில் உற்சவத்தில் செண்டை மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது தூணில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, பச்சைக் குழந்தைபோல் உறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மேளம் அடங்கிய அந்த நொடியில் கண்ணைத் திறந்து, "ஏன் நிறுத்திட்டா?" என்று கேட்டார்.

"நீ எழுந்துக்கணும்னுதான்" என்றார் பக்கத்தில் இருந்த அவருடைய அண்ணா.

அண்ணாவும் தங்கையுமாக இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அண்ணா ஒரு நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். மனைவி முன்பே இறந்துவிட்டார்; ஒரே மகள் பெங்களூரில். நானும் அவரும் புத்தகங்களை மாற்றிக்கொள்வோம். நான் திருப்பித் தரத் தாமதித்தால், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து விரலால் தட்டுவார்.

ஒருநாள் மாமியிடமே காரணம் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எக்ஸ்சேஞ்சிலே எத்தனையோ வருஷம் நைட் ட்யூட்டி ஸார். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஹால் நிறைய ரிலே, ராத்திரி முழுக்க டக்கு டக்குன்னு அடிச்சிண்டே இருக்கும். ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுண்டு முறை வச்சுத் தூங்குவோம். அது அடிச்சிண்டிருந்தா ஊரிலே யாரோ யாரோடயோ பேசிண்டிருக்கான்னு அர்த்தம். நின்னா எங்கேயோ ஃபால்ட். உடனே முழிச்சுக்கணும். இல்லேன்னா மெமோ."

"இப்போது மெமோ கொடுக்க ஆளில்லையே?"

"ஏன், இதோ இருக்காரே" என்று கத்தியால் அண்ணாவைக் காட்டினார்.

அந்த அண்ணாவின் நுரையீரல்தான் மெல்ல மெல்லக் கெட்டிப்படத் தொடங்கியது. முதலில் நடந்தால் இரைத்தது. பிறகு பேசினால் இரைத்தது. பிறகு சும்மா படுத்திருக்கும்போதே இரைத்தது. இரவும் பகலும் ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பகுதிப் பாலியேட்டிவ் குழுவில் நான் சனிக்கிழமைத் தொண்டன். படுக்கையில் விழுந்த நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழு அது. சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை, ஆக்சிஜன் மிஷின் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்து வைப்பதும் உண்டு. எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது, அடுத்து யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை நான் வைத்திருந்தேன். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதில்லை என்பது எங்கள் வழக்கம். நோயாளி போன பிறகு, சடங்குகள் முடிந்ததும், வீட்டார் தாமாகவே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தராதவர்களை நான் கண்டதில்லை.

ஐப்பசியில் (இங்கே அது துலா மாதம்) ஒரு செவ்வாய்க்கிழமை மிஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினேன். ஒரு குட்டி அலமாரி உயரம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். உள்ளே ஓயாத ஒரு உறுமல். சில நொடிக்கு ஒருதரம் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. பக்கத்தில் தண்ணீர்க் குப்பியில் குமிழிகளின் கொளகொளப்பு.

"இதென்னடீ, ஆத்திலே முங்கின எருமை மாதிரி?" என்றார் அண்ணா.

"பேசாம மூக்கிலே மாட்டிக்கோ."

அன்றிரவு மாமி அண்ணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். மறுநாள் காலையில் அவர் முகம் தெளிந்திருந்தது. "எக்ஸ்சேஞ்சிலே தூங்கினாப்பலே இருந்தது ஸார்" என்றார். பத்து நாளில் அவருக்கு அந்தப் பெட்டியின் பாஷை முழுக்கத் தெரிந்துவிட்டது. குமிழி மெலிந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது. பெருமூச்சு கரகரத்தால் பின்பக்கத்து ஸ்பாஞ்சை அலம்ப வேண்டும். மின்சாரம் போனால் அது தானாகவே கீ கீ என்று கத்தும். அது கத்துவதற்குள் இவர் எழுந்து நிற்பார்.

அதற்குப் பிறகு அவருடைய கூவலுக்கு ஒரு வால் முளைத்தது. "கரண்ட் போச்சு! ஸார், டார்ச்!" கட்டிலடியில் ஒரு சிலிண்டர் எப்போதும் தயாராக இருக்கும். நான் டார்ச்சோடு ஓடுவேன். நான் வெளிச்சம் பிடிக்க, அவர் குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டிச் சாவியைத் திருகுவார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. அண்ணா கண்ணை மூடிக்கொண்டே, "வந்தாச்சா ரெண்டு பேரும்?" என்பார். இடிமழைக் காலத்தில் ஒரே இரவில் மூன்று முறைகூட இது நடந்திருக்கிறது. ஒருமுறைகூட அவர் தவறவிட்டதில்லை.

இதில் நான் எழுத வேண்டிய இன்னொன்றும் உண்டு. எனக்கு வெகுகாலமாகத் தூக்கம் சரியில்லை. இரவில் மூன்று தடவை எழுந்து மணி பார்ப்பவன். மிஷின் வந்த சில நாட்களில் அது நின்றுபோனது. சுவர் வழியாக வரும் அந்த உறுமல் நாய்க் குரைப்பையும் பைக் சத்தத்தையும் மூடிவிட்டது. கம்பளிபோல் அது மேலே படர, அடுத்தது பால்காரர் மணிதான். என் குறிப்பேட்டில் அந்த மாதங்களில் 'நல்ல உறக்கம்' என்று தொடர்ச்சியாக எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

"என் மூச்சு நின்னா இவ முழிக்கமாட்டா ஸார்" என்று அண்ணா என்னிடம் சொல்லுவார். "மிஷின் மூச்சு நின்னாத்தான் முழிப்பா."

"வாயைக் கழுவு" என்பார் மாமி.

ஒரு வருடத்துக்கும் மேல் அப்படிப் போனது. கும்ப மாதத்தில் ஒரு விடியற்காலை, காப்பி டம்ளரோடு கட்டிலருகே போனபோதுதான் மாமிக்குத் தெரிந்தது. அண்ணாவின் கை சில்லிட்டிருந்தது. எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு முழுவதும் மின்சாரம் போகவில்லை. மிஷின் ஒரு கணமும் நிற்கவில்லை. குமிழி, பெருமூச்சு, எல்லாம் சரியாக இருந்தன. மாமி நன்றாகத் தூங்கியிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும்.

"ஓடிண்டுதானே இருந்தது ஸார்" என்று அவர் என்னிடம் சொன்னார். வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். "மிஷின் ஓடிண்டுதானே இருந்தது."

அண்ணாவை எடுத்துக்கொண்டு போனபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. குழாயின் நுனி தலையணை மேல் கிடந்து, யாருக்குமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் சடங்குகள் முடிந்தன. மகள் பெங்களூருக்குத் திரும்பினாள். மிஷின் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரவு பத்து மணிக்குச் சுவரின் அந்தப் பக்கம் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்கும், பிறகு உறுமல். மாமி ஆளில்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் அதே பாயில் படுத்திருந்தார்.

என் பட்டியலில் அடுத்த பெயர் வித்துராவிலிருந்து வந்திருந்தது. பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற ஒரு தமிழ் அம்மாள்; மகள் வீட்டில் இருந்தார். மிஷின் இல்லாததால் மகள் வாரத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் சிலிண்டர் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்தாள். எங்கள் குழு நர்ஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னிடம் கேட்டார்.

"சாரே, ஆ மெஷீன் எவிடெயாணு?"

"வரும். வழக்கம் தெரியுமல்லவா, நாம் கேட்கக் கூடாது."

வழக்கத்தை நான் மதித்தது உண்மை. அந்தச் சத்தம் என் வீட்டுச் சுவரை விட்டுப் போவதில் எனக்கு அவசரம் இல்லை என்பதும் உண்மை. சடங்குகள் முடிந்த பிறகு மேலும் ஒரு மாதம் கடந்தது. குறிப்பேட்டில் 'நல்ல உறக்கம்' என்றே இருக்கிறது.

மேட மாதத்தில் ஒரு சனிக்கிழமை நர்ஸ் கோபித்துக்கொண்டார். சாலையில் மண் சரிந்து ஜீப் வர முடியாமல், வித்துராவில் அந்த அம்மாள் ஒரு பகல் முழுவதும் தவித்திருக்கிறார். அன்று மாலையே நான் போனேன். மாமி கோவிலுக்குப் போயிருந்தார். சாவி எப்போதும்போல் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் கண்முன்னால் நிறுத்துவதைவிட, இல்லாதபோது எடுத்துவிடுவதுதான் இரக்கம் என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தரையில் மிஷின் இருந்த இடத்துத் தூசியையும் துடைத்தேன்.

மாமி திரும்பி வந்து அறை வாசலில் நின்றார். கையில் வாழையிலைத் துண்டில் சந்தனம் இருந்தது.

"வித்துராவில் ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கிறார் மாமி" என்றேன்.

"எடுத்துண்டு போக வேண்டியதுதான்" என்றார். சந்தனத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஸார். நானே நிறுத்தியிருப்பேனே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே வாக்கியம் சொன்னாள். "கடைசியா மாமி கையாலே செய்ய ஒண்ணு பாக்கி இருந்தது. அதையும் நீங்க எடுத்துண்டேள்."

அதற்குப் பிறகான இரவுகளைச் சுவர் வழியாக அறிந்தேன். நடக்கும் சத்தம். விசிறி முழு வேகத்தில். பிறகு ரேடியோ. ஒருநாள் நடுநிசியில் கிரைண்டர் ஓடியது. மறுநாள் அவர்கள் வீட்டில் தோசையா என்று என் மனைவி விசாரித்தாள். அரிசி போடவில்லை, வெறும் தண்ணீரும் கல்லும்தான் என்று தெரிந்தது.

பெங்களூரில் இருந்த அண்ணாவின் மகள் போனில் ஏதோ ஒரு ஆப் சொன்னாள். மழைச் சத்தம், கடலலை, காட்டருவி, எது வேண்டுமானாலும் இரவு முழுக்கக் கேட்கலாமாம். நான்தான் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் நடு இரவில் மழை நின்று, ஒரு ஆண் குரல் நகைக்கடன் வேண்டுமா என்று உரக்கக் கேட்டது. அதை நானும் கேட்டேன். பிறகு விளம்பரம் இல்லாததைத் தேடிப் போட்டேன். நான்கு நாள் கழித்து மாமி போனை என்னிடம் நீட்டினார்.

"இந்த மழையிலே ஒரு நாய் இருக்கு ஸார்."

"நாயா?"

"தூரத்திலே ஒருதரம் குரைக்கும். அப்பறம் மழை. கொஞ்ச நேரம் போனா அதே நாய், அதே குரை. ஒரே மழையைத் திருப்பித் திருப்பிப் போடறான். நான் ராத்திரி முழுக்க அந்த நாய்க்காகக் காத்திண்டிருக்கேன்." சிரித்தார். பிறகு, "சத்தம் எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் சொல்லலை" என்றார்.

கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே மயங்கி விழுந்தார். அன்று மாலை என்னிடம், "அது இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை. "நான் வியாழக்கிழமை வித்துராவுக்குப் போகிறேன். அவர்களுக்கு அதன் சூட்சுமம் ஒன்றும் தெரியாது. நீங்கள் வந்து சொல்லிக் கொடுத்தால் நல்லது" என்றேன். என்னால் செய்ய முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

தம்பானூரில் பஸ் ஏறினோம். நெடுமங்காடு தாண்டியும் அவர் தூங்கவில்லை. வித்துராவில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் ஏறினால் அந்த வீடு. இரண்டு அறை, தகரக் கூரை. வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. மாமி செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போய்விட்டார்; பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்து கழற்றினார்.

கட்டிலில் அந்த அம்மாள், ஒரு கைப்பிடி எலும்பு, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமி மகளுக்குப் பாடம் தொடங்கினார். "இதோ பாரும்மா, குமிழி சத்தம் மெலிஞ்சா தண்ணி குறைஞ்சாச்சு. இந்த ஸ்பாஞ்ச்… ஐயோ, எத்தனை அழுக்கு! வாராவாரம் அலம்பணும், கேட்டோ. கரண்ட் போனா முதல்லே குழாயைப் பிடுங்கணும், அப்பறம்…"

அந்த 'அப்பறம்' முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தது. கையில் ஈர ஸ்பாஞ்ச். நான் எழுப்பப் போனேன்.

"எழுப்பாதீய சாரே" என்றார் கட்டிலில் இருந்த அம்மாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "ஒறங்கட்டும். நா முழிச்சுத்தானே… இருக்கேன். நா பாத்துக்கிடுதேன்."

மாமி மூன்று மணி நேரம் தூங்கினார். அந்த அம்மாள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் போனார், பெரும்பாலும் தனியாகவே. முறுக்கு, வாழைக்காய் வறுவல், ஒருமுறை புது ஸ்பாஞ்ச். போனதும் மிஷினைத் துடைப்பார், தண்ணீர் மாற்றுவார், பிறகு நாற்காலியில் தூங்குவார். "மாமி வந்தாத்தான் அம்ம சிரிக்கும்" என்று மகள் என்னிடம் போனில் சொன்னாள். "'என் டாக்டர் வந்து ஒறங்கிட்டுப் போனா' எந்நு சொல்லும்."

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை மட்டும் மாமி சொன்னார்: "அண்ணா எப்போ போனான்னு எனக்குத் தெரியாதுன்னு அவாகிட்டே சொன்னேன் ஸார். 'மிசின் சத்தத்தத்தான கேட்டுக்கிட்டு இருந்த? அதுக்குக் கீழ கேளு'ன்னா."

சிங்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அம்ம மாமியக் கேக்குது. சாரும் வரணும்."

நல்ல மழை. போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அந்த அம்மாளுக்கு நினைவு வந்து வந்து போனது. மாமி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை; அறைக்குள் அந்த உறுமல், பெருமூச்சு, குமிழி. மாதக்கணக்கில் நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது: ஒரு மரணப் படுக்கையின் பக்கத்தில் நான் தூங்கிவிட்டேன்.

"ஸார், முழிச்சுக்கோங்கோ."

மாமி நேராக உட்கார்ந்திருந்தார். முகம் அந்த அம்மாளின் வாய்க்கு அருகில் இருந்தது. அவர் சொன்னதற்கும் நான் எழுந்து நின்றதற்கும் நடுவில் மிஷின் இரண்டு பெருமூச்சு விட்டது.

"பொண்ணைக் கூப்பிடுங்கோ. சீக்கிரம். இன்னும் மூச்சு இருக்கு."

மகள் ஈரக்கையோடு ஓடி வந்து தாயின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் காத்திருந்தோம். எனக்கு மிஷின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மாமிக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர், "ஆச்சும்மா" என்றார்.

மகள் அழத் தொடங்கினாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அசையவில்லை, அந்தத் தப்பை இரண்டாம் முறை செய்வதாக இல்லை. மாமி முதலில் அந்த அம்மாளின் மூக்கிலிருந்து குழாயை எடுத்தார். அது பதிந்திருந்த கன்னத்துத் தடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். உள்ளே ஏதோ ஒன்று கடைசியாக ஒருமுறை புஸ்ஸென்றது. குமிழிகள் நின்றன. அவர் சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே மழை மட்டும் இருந்தது.

மிஷினை வீட்டார் பதினாறாம் நாள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது வேறொரு வீட்டுக்குப் போனது. எங்கே என்று மாமி கேட்கவில்லை.

பிறகு துலா மாதம் வந்தது, மாலையானால் இடி. ஒரு புதன்கிழமை இரவு நான் திடுக்கிட்டு விழித்தேன். என்ன என்று உடனே தெரியவில்லை. விசிறியின் இறக்கைகள் மெல்லச் சுற்றி நின்றன. மணி இரண்டு ஐம்பது. மின்சாரம் போயிருந்தது. நான் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தேன்.

குரல் வரவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்தேன். சுவரில் விரலால் தட்டினேன். பதில் இல்லை. என் மனைவியும் எழுந்துவிட்டாள். "போய்ப் பாருங்கோ" என்றாள். டார்ச்சோடு போய்க் கதவை இடித்தேன். கை வலிக்கும்வரை இடித்தேன். எதிர்வீட்டுச் சன்னல் ஒன்று திறந்தது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மாமி நின்றார். தலை கலைந்து, கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

"என்ன ஸார்? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை. கரண்ட் போய்விட்டது."

"போனாப் போகட்டும். அதைச் சொல்லவா இப்படி இடிச்சேள்?"

"நீங்கள் கூப்பிடவில்லை. அதனால்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி இருட்டான அறையைப் பார்த்தார். எங்கும் ஒரு சத்தம் இல்லை. தெருவில் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

"எப்போ போச்சு?"

"இரண்டு ஐம்பது."

"நான் முழிக்கவே இல்லையே ஸார்" என்றார். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தது பாதி வழியில் நினைவுக்கு வந்தவரைப்போல் அவர் முகம் மாறியது. "முழிக்கவே இல்லையே." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அண்ணா போன அன்றும் பதின்மூன்றாம் நாளும் வித்துராவிலும் அழாதவர், அன்று அந்தப் படியில் உட்கார்ந்து அழுதார். நான் டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

நான்கு பத்துக்கு மின்சாரம் வந்தது. தெரு நெடுக ஒவ்வொரு வீடாக விசிறிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போங்கோ ஸார். போய்த் தூங்குங்கோ" என்றார். "இனிமே முழிக்கிறதுக்கு இங்கே ஒருத்தரும் இல்லை."

அடுத்த மீன மாதம் அண்ணாவின் மகள் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனாள். இரண்டு வருடம் அங்கே இருந்தார். பிறகு செய்தி வந்தது. உறக்கத்தில் என்றார்கள். அறையில் ஏதாவது சத்தம் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. இரவில் மின்சாரம் போனால் இப்போது தெருவில் முதலில் விழிப்பவன் நான்தான். இறக்கைகள் நிற்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். யாரையும் கூப்பிடுவதில்லை.